இடுப்பில் உறுத்தாத ஒன்று

சாமான் வாங்கும்போது அவசரப்படும் பழக்கம் எனக்கு இல்லை, தங்கச்சி. ஒரு சப்பாத்து வாங்குவதற்கும் நாலு கடை ஏறி இறங்குவேன். போட்டுப் பார்த்து, கடைக்குள்ளேயே அங்கும் இங்கும் நடந்து பார்த்து, விரலை நெரிக்காவிட்டால்தான் வாங்குவேன். "பொம்பிளை பாக்கேக்கையும் இவ்வளவு பாத்தனீங்களோ?" என்று என் மனைவி கோணேஸ்வரி பகிடி பண்ணுவாள். இதையும் அந்தப் பொலிஸ் அதிகாரிக்கு இங்கிலீசில் சொல்லிவிடுங்கள். யோசிக்காமல் ஒன்றைச் செய்கிற ஆள் நான் இல்லை என்று அவருக்கு விளங்கவேண்டும்.

கனடாவுக்கு வந்த நாள் தொட்டு எனக்கு வேலை வான் ஓட்டுவது. பேக்கரியில் பாணும் ரோல்ஸும் ஏற்றிக்கொண்டுபோய் ஸ்கார்பரோக் கடைகளுக்குப் போடுவேன். தொண்ணூற்றைந்தில் ஒரு நாள், நான் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த பிளாசாவில் எங்கடை தமிழ்ப் பெடியள் இரண்டு பகுதியாகப் பிரிந்து சுட்டுக்கொண்டார்கள். எனக்கு ஒரு கீறலும் இல்லை, வான் கண்ணாடி மட்டும் போனது. ஆனால் அதன்பிறகு வெறும் இடுப்போடு வெளியே இறங்க என்னால் முடியவில்லை. கண்ணாடி மாற்றின கிழமையே ஒருவன் மூலமாக ஒரு கைத்துவக்கு எடுத்தேன். அவன் பெயரை நேற்றே சொல்லிவிட்டேன்.

முதலில் எடுத்தது எனக்குத் தோதான சாமான் இல்லை. பெரிது. நிற்கும்போது ஒன்றும் தெரியாது, வானில் குந்தினால் விலாவில் குத்தும். பெல்ற்றைத் தளர்த்தியும் சரிவரவில்லை. இடுப்பு கன்றிப்போய்விட்டது. கோணேஸ்வரி வான் சீற்றைத் திட்டித் திட்டி நோவெண்ணெய் பூசிவிட்டாள், பாவம். அதைத் திருப்பிக் கொடுத்துச் சின்னதொன்று எடுத்தேன். விளிம்பெல்லாம் வழுவழுப்பு, உள்ளங்கைக்குள் அடங்கும். கொஞ்ச நாளில் அது என்னோடு இருப்பதே மறந்துபோனது. எடுத்தால் இப்படி ஒன்றைத்தான் எடுக்கவேண்டும்.

குளிர்காலத்தில் கவலை இல்லை, ஜாக்கெற் எல்லாவற்றையும் மூடிவிடும். கோடையில் சேர்ட்டை வெளியே விட்டுக்கொண்டேன். கோயில்தான் கரைச்சல் கொடுத்தது. எங்கள் கோயிலில் ஆண்கள் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வேட்டியும் இடுப்பில் கட்டின சால்வையும்தான், மேலில் ஒன்றும் இராது. நான் வெள்ளிக்கிழமை தவறாதவன். ஒரு வருடமாக அதை வானுக்குள் வைத்துவிட்டுப் போய்ச் சமாளித்தேன். தேவாரம் ஒரு சொல்லும் காதில் ஏறாது, வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைசியில் சால்வைக்குள் அது நிற்குமா என்று அறைக் கண்ணாடிக்கு முன்னால் கட்டிப் பார்த்தேன். நன்றாக நின்றது. அந்த நேரம் கோணேஸ்வரி கதவைத் திறந்தாள்.

"என்னப்பா உது?" என்றாள். நான் விளக்கம் சொல்லச் சொல்ல, மகள் சுலக்சனாவின் உடுப்புகளைப் பையில் அடுக்கினாள். பக்கத்தில் ரூஜ் என்ற இடத்தில் இருக்கும் தன் தம்பி சசிகரனைக் கூப்பிட்டு, அவனுடைய காரில் பிள்ளையோடு ஏறிப் போனாள். அடுப்பில் சோறும் பருப்பும் சூடாக இருந்தன. நான் போட்டுச் சாப்பிட்டேன்.

சசிகரன் நல்ல பெடியன். அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு ஒரு நாள், நான் பாண் போடும் கடை வாசலுக்கு என்னைத் தேடி வந்தான். மாசி மாதக் குளிர். பெரிய ஜாக்கெற், இரண்டு கையும் பொக்கற்றுக்குள்.

"அத்தான், அக்கா வருவா. முதல்ல உந்தத் துவக்கைப் பொலிசிட்டைக் குடுத்திடுங்கோ. நான் கூட வாறன். லோயரோடையும் கதைச்சிட்டன்."

"குடுக்காட்டி?"

"குடுக்காட்டி நான்தான் போய்ச் சொல்லவேண்டி வரும். பிள்ளை இருக்கிற வீடு, அத்தான். கோவியாதேங்கோ."

நான் கோபிக்கவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான். கதைத்து முடியும்வரை அவன் கையை வெளியே எடுக்கவில்லை. பாண் போடுகிற என்னுடைய இடுப்பிலேயே ஒன்று இருக்கிறது. என்னை வெருட்ட வந்தவனின் பொக்கற்றில் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதன்பிறகு அவனைக் கண்ட இடமெல்லாம் அவன் கைகளைத்தான் பார்த்தேன். நித்திரை போனது, வாய்க்கு ருசி போனது. எனக்குக் கோணேஸ்வரி வேண்டும், பிள்ளை வேண்டும், இடுப்பில் அதுவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் குறுக்கே அவன் ஒருவன்தான் நின்றான்.

நான்தான் அவனுக்கு ரெலிபோன் எடுத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசைக்கு வா, பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் அணைத்து, இனித் துவக்கைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறேன், பின்னேரமே உன்னோடு பொலிசுக்கு வருகிறேன் என்றேன். எங்கள் ஆட்களுக்குக் கற்பூரச் சத்தியத்துக்கு மேலே ஒன்றும் தேவையில்லை. அதிகாரிக்கு இது விளங்காது, நீங்கள்தான் விளங்கப்படுத்தவேண்டும். சசிகரன் ரெலிபோனிலேயே அழுதுவிட்டான். "அக்காவையும் கூட்டிக்கொண்டு வாறன், அத்தான்" என்றான். சத்தியம் பண்ண வருகிறவன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவான் என்று அக்காவும் நினைக்கவில்லை, தம்பியும் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சொன்னபடியே வந்த சசிகரன் ஜாக்கெற்றைக் கோயில் வாசல் கொளுக்கியில் மாட்டினான். சேர்ட்டைக் கழற்றினான். மெலிந்த உடம்பு, குளிரில் நடுங்கியது. என் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான். பெண்கள் பக்கத்தில் கோணேஸ்வரி சுலக்சனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம். ஐயர் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக் கொண்டுவந்தார்.

"அணையுங்கோ, அத்தான்" என்று சசிகரன் என் தோளில் கையை வைத்தான்.

நான் சால்வைக்குள் கையை விட்டேன். துணியில் எங்கும் சிக்கவில்லை. இரண்டு தரம் சுட்டேன். அவன் என்னைப் பிடித்துக்கொண்டுதான் கீழே சரிந்தான். தட்டு எங்கேயோ விழுந்தது. பிள்ளை கத்தினது காதில் கேட்டது.

அவனிடம் ஆயுதம் இருந்ததா என்று அதிகாரி திரும்பவும் கேட்கிறார். இல்லை. மேலில் துணியே இல்லாதவனிடம் என்ன இருக்கும்? ஜாக்கெற்றோடு நிற்கிறவனுக்கு முன்னால் துவக்கை வெளியே எடுக்க எனக்குப் பயம். அதனால்தான் கோயில் என்று சொன்னேன். சத்தியம் பண்ணும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருக்கவில்லை. அவர் எழுதட்டும், கையெழுத்து வைக்கிறேன்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன், தங்கச்சி. கோணேஸ்வரி இன்னும் தம்பியின் வீட்டில்தான் இருப்பாள், அழுதுகொண்டிருப்பாள். இனி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து கதைக்க ஒருவரும் இல்லை, பயப்படாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்று அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.