பதினாலு அங்குலப் படி

— சொல்றேன் கேளுங்க சார், அது கடைக்கு வர்றவங்க ஏறிப் பாக்குறதுக்கு வச்சிருக்க படி. உங்க வீட்டம்மா என்ன அதுல உக்காந்துட்டாங்க?

— கால் வலிச்சிருக்கும். நீங்க என்கிட்ட பேசுங்க தலைவரே. புது வீட்டு வாசலுக்கு அஞ்சு படி. கான்கிரீட்ல வார்த்ததா இருந்தாலும் பளபளன்னு இருக்கணும். கேட்டத் தொறந்ததும் வர்றவன் மொதல்ல படியத்தான் பாப்பான். லுக்கு அங்கதான் ஆரம்பிக்குது.

— கால் வலிக்கலங்க. உக்காந்து பாக்குறேன். அண்ணே, இது எத்தன அங்குல அகலம்?

— பத்து அங்குலம்மா.

— பாதிதான் உக்கார முடியுது. மீதி அந்தரத்துல தொங்குது.

— பாதம் வச்சு ஏற அது தாராளம்மா.

— ஏற எதுவா இருந்தா என்ன. நான் உக்கார்றதுக்குக் கேக்குறேன்.

— மூணு பேர் உக்கார்ற சோபாவுக்கு முன்பணம் குடுத்தாச்சு. நீ என்னடான்னா படிய உக்காந்து பாத்துட்டிருக்க.

— சோபாவுல நீங்க உக்காருவீங்க. கொஞ்ச நேரத்துல, எந்திரிச்சு வெளிய போடிம்பீங்க. வெளிய போனா படிதான இருக்கு.

— கடையில வச்சுப் பேசுற பேச்சா இது. தலைவரே, அவ வெளையாட்டுக்குச் சொல்றா.

— எனக்கு ஒண்ணும் இல்ல சார். உக்கார்ற படின்னு முன்னாடியே சொல்லியிருந்தா அந்த வரிசைக்கே கூட்டிட்டுப் போயிருப்பேன். சொல்லுங்கம்மா, ஒரு தடவ உக்காந்தா எவ்வளவு நேரம்?

— கொறஞ்சது முக்கா மணி. போன வாரம் ரிமோட்ல பேட்டரி தீந்துபோச்சுன்னு ரெண்டு மணி நேரம்.

— ரெண்டெல்லாம் இல்ல தலைவரே, ஒன்றரைதான். மேட்ச் முடிஞ்ச கையோட கதவத் தொறந்துட்டேன்.

— ரெண்டு மணி நேரம்னே வச்சுக்குவோம் சார், அளவு கூட இருந்தா தப்பில்ல. இந்தாங்கம்மா, பதினாலு அங்குலம். உள்ள கம்பி வலை. வார்த்து இருபத்தோரு நாள் தண்ணி விட்டு இறுக வச்ச சரக்கு. உக்காருங்க.

— இது தேவலை. ஆனா முன்பக்கமா சறுக்குதே.

— மழத்தண்ணி நிக்காம இருக்க வாட்டம் விட்டிருக்கோம்.

— வாட்டத்தக் கொறைங்க. கால ஊனி ஊனி முட்டி விட்டுப் போகுது. மேல்படியோட முனை வேற முதுகுல குத்துது.

— முனைய உருட்டி, வாட்டத்தக் கொறைச்சு, புதுசாவே வார்த்துத் தர்றேன். நாலு வாரம் ஆகும்.

— ஆகட்டும். வாடகை வீட்டுப் படி ஒம்போது அங்குலம்ணே, மூலை வேற பேந்துபோச்சு. மாடி வீட்டு டீச்சர் எறங்கி வந்தா நான் எந்திரிச்சு வழி விடணும். காத்து வாங்குறீங்களான்னு கேப்பாங்க. ஆமாம்பேன். நாலு வருஷமா காத்து வாங்குறேன்.

— கோவத்துல ஒரு வார்த்த வரும். மனுசனுக்கு வராதா? ஏன் தலைவரே, உங்க வீட்டுல வராதா?

— எங்க வீட்டுல படியே கெடையாது சார். தரையோட தரை. சண்டை வந்தா நான் கெளம்பி இங்க வந்துருவேன். சொல்றேன் கேளுங்க, இந்தப் பதினாலு அங்குலமே நான் உக்காந்து பாத்து முடிவு பண்ணினதுதான்.

— அப்ப இதே அளவு போடுங்கண்ணே. பாலிஷ் வேண்டாம். சொரசொரன்னு, சாம்பல் நெறத்துல.

— சாம்பலா? எதிர்வீட்டுக்காரன் கறுப்பு பாலிஷ் போட்டு முனையில ஸ்டீல் பட்டி அடிச்சிருக்கான். நம்ம வாசல் மட்டும் குடோன் மாதிரி இருக்கணுமா?

— கறுப்பு வெயில்ல கொதிக்கும். மத்தியானமும் கோவம் வருதே உங்களுக்கு.

— கொதிக்கும் சார். அம்மா சொல்றது சரி.

— நீங்க யார் பக்கம் தலைவரே?

— விக்கிற பக்கம் சார்.

— சரி, ஒழியட்டும். நாலு படி கறுப்பு பாலிஷ். ஒண்ணு மட்டும் அவ கேக்குற மாதிரி. அதக் கீழ போட்டுருங்க, தெருவுல போறவன் கண்ணுக்குப் படாம.

— கீழ வேண்டாம்ணே. கதவ ஒட்டி மேல்படியா இருக்கணும். உள்ள டிவி சத்தம் கேக்கணும்ல, மேட்ச் முடிஞ்சுதான்னு எப்படித் தெரியும்.

— பாத்தீங்களா தலைவரே, அவளே எடம் சொல்லிட்டா. விவரமானவ. இதுக்குப் போய் கொஞ்சம் முன்னாடி என்னமோ நான் கொடுமக்காரன் மாதிரி.

— எழுதிக்கிட்டேன் சார். நாலு கறுப்பு, ஒரு சாம்பல். சீட்டு யார் பேர்ல போடட்டும்?

— என் பேர்லதான்.

— இல்லண்ணே, என் பேர்ல. வீட்டுக் கடன் என் சம்பளத்துல ஓடுது. பத்திரமும் என் பேரு. பொம்பள பேர்ல பதிஞ்சா கட்டணம் கம்மின்னு இவருதான் கூட்டிட்டுப் போயி கையெழுத்துப் போட வச்சாரு.

— அதெல்லாம் ஒரு ஒப்புக்கு தலைவரே. நீங்க என் பேர்லயே எழுதுங்க.

— பத்திரத்துல ஒப்புக்குன்னு எழுதல. அண்ணே, வார்க்குறதுக்கு முன்னாடி இவர ஒரு தடவ உக்கார வச்சுப் பாத்துருங்க. அந்த வீட்டுல வெளிய போகப்போறது இவருதான், இவரு இடுப்புக்குப் பதினாலு காணாது.