குப்புறக் கிடந்த கல்

துணி துவைக்க நல்ல கல் அமைவது அவ்வளவு எளிதல்ல, ஐயா. சொரசொரப்பு மிஞ்சினால் துணி கிழியும். வழவழப்பாக இருந்தால் அழுக்குப் போகாது. எங்கள் ஊர் ஓடைக்கரையில் கிடந்த கல் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பத்து வருஷம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அதில்தான் துவைத்தார்கள். அந்தக் கல்லை நான் எடுத்துக்கொண்டு போனதுதான் என் மேல் ஊர் சொன்ன முதல் குற்றம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உண்மையில் அது நடுகல். எங்கள் பக்கம் மாட்டைக் காத்தோ ஊரைக் காத்தோ செத்தவனுக்குக் கல் நட்டு, வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். இந்தக் கல்லின் முகம் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. அது என் மச்சான் மாதப்பனின் முகம்.

மாதப்பன் என் மனைவி நாகம்மாவின் அண்ணன். நாற்பத்தொன்றில் நானும் அவனும் ஒரே பஸ்ஸில் பெங்களூர் போய்ப் பட்டாளத்துக்கு வரிசையில் நின்றோம். அவனை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மார்பளவு போதவில்லை என்று ஒரு ஹவில்தார் நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஊருக்கு வந்து, பிறகு கிருஷ்ணகிரியில் கடலையெண்ணெய் ஆலையில் ராத்திரி ஷிப்டில் சேர்ந்துவிட்டேன்.

நாற்பத்து மூன்றில், பர்மாவில் மாதப்பனைக் காணவில்லை என்று தந்தி வந்தது. காணவில்லை என்றால் செத்தான் என்று ஊர் முடிவு செய்தது. என் மாமனார் கல் வெட்டி நட்டார். கையில் துப்பாக்கி, தலையில் முண்டாசு, பக்கத்தில் நாயைப் போல ஒரு குதிரை. ஆடு வெட்டிக் கும்பிட்டோம். நானும் விழுந்து கும்பிட்டேன். இரண்டு வருஷம் கழித்து அவன் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். கல்லின் எதிரில் நின்று தன்னையே பார்த்தான்.

"மூக்கு என்னுது இல்ல மாப்ள. யாரோ மூக்கை வெச்சிட்டாங்கோ" என்றான். ஊரே உருண்டு சிரித்தது.

உயிரோடு இருப்பவனுக்குக் கல் நிற்கக் கூடாது. அன்றைக்கே அதைப் பிடுங்கி ஓடைக்கரையில் குப்புறப் போட்டார்கள். மாதப்பனும் தன் வேட்டியை அதில்தான் அடித்துத் துவைப்பான். "எம்முதுகுல நானே அடிச்சித் தொவைச்சிக்கினு இருக்கறேன்" என்பான். அவனுக்கு எதுவுமே பெரிதில்லை. அதுதான் அவனிடம் இருந்த ஒரே கோளாறு.

ஐம்பத்து மூன்றில் குருபரப்பள்ளி டீக்கடையில் மதுரைவீரன் என்பவரைப் பார்த்தேன். மாதப்பனோடு ஒரே கம்பெனியில் இருந்தவர். குண்டு பொழியும்போது மாதப்பன் அடிபட்ட மூன்று பேரை ஒவ்வொருவராக முதுகில் தூக்கி ஆற்றைக் கடந்தானாம். அதற்கு வீரப் பதக்கம் தரச் சொல்லித் துரை எழுதினாராம். அதற்குள் இவன் காட்டில் வழி தப்பிக் காணாமற்போனவன் கணக்கில் சேர்ந்துவிட்டான். காகிதமும் எங்கேயோ போய்விட்டது. போருக்குப் போனவர்களுக்கெல்லாம் கிடைத்த சாதாரணப் பதக்கங்கள்கூட இவனுக்கு வரவில்லை. அவனுடைய சர்வீஸ் பதிவில் பதக்கம் என்ற இடம் காலி.

டீ ஆறியது. எனக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. எங்கள் தாலுகாவில் கள்ளுக்கடை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனால் அன்று நான் பஸ் ஏறாமல் வீடு வரைக்கும் கள் குடித்தவனைப் போல நடந்து வந்தேன். அந்தக் காலி இடத்தை நான் நிரப்பப் போகிறேன் என்பது நினைக்க நினைக்கச் சிரிப்பாக வந்தது.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் எழுதிய இங்கிலீஷ் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் எழுதினேன். முன்னாள் ராணுவத்தினர் போர்டுக்கு, ஆவணக் காப்பகத்துக்கு, அந்தத் துரையின் சீமை விலாசத்துக்கு. மதுரைவீரனிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன். பகலில் தூங்கவேண்டியவன் பகலெல்லாம் எழுதினேன். மாதப்பன் கையெழுத்து மட்டும் போடுவான். "இதை வெச்சி என்னா மாப்ள பண்றது, தோசையா சுடறது?" என்று கேட்பான்.

போன மார்கழியில் பதிவைத் திருத்திவிட்டதாகக் கடிதமும், கூடவே ஒரு பார்சலும் வந்தன. ஐந்து பதக்கங்கள். இரண்டு நட்சத்திரம், இரண்டு வட்டம், நடுவில் வீரப் பதக்கம். புளி போட்டுத் துலக்கினேன். வீட்டில் யாரும் இல்லாதபோது ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். சட்டை தொய்கிறதா என்று பார்க்கத்தான். தொய்யவில்லை. என் மார்பளவு போதுமானதாகத்தான் இருந்தது.

பதிவு சரியானபின் கல் மட்டும் தப்பாகக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வண்டி வைத்து அதை எடுத்துப் பேரிகைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்தச்சன் திம்மப்பனிடம் கொண்டுபோனேன். மண்ணைப் பார்த்தே கிடந்ததால் முகம் தேயவே இல்லை. நெஞ்சில் ஐந்து பதக்கம் வெட்டச் சொன்னேன். மூக்கையும் கொஞ்சம் திருத்தச் சொன்னேன்.

"பெரியவரு எப்போ போனாரு சாமி?" என்று கேட்டான் திம்மப்பன்.

"இன்னும் போகல" என்றேன்.

அவன் உளியைக் கீழே வைத்துவிட்டான். "தப்பு சாமி. உசுரோட இருக்கறவருக்குக் கல்லு நின்னா, வான்னு கூப்புட்ட மாதிரி ஆயிடும்."

"நிக்க வெக்கப் போறதில்லப்பா. வெட்டி மட்டும் குடு" என்றேன்.

வெட்டினான். அழகான வேலை. வெயிலில் அந்தப் பதக்கங்கள் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதைப் போய் மறுபடியும் சேற்றில் குப்புறப் போடுவதா? மாதப்பனின் பெண்சாதி முனிலட்சுமி தினமும் வாசலில் வந்து நிற்பாள். "அண்ணா, தொவைக்கற கல்ல எப்போ திருப்பிக் குடுப்பீங்கோ? அழுக்கு மலையாட்டம் கெடக்குது" என்பாள். நான் பொறுமையாக யோசித்தேன். கல்லில் பிழை இல்லை. பதிவில் பிழை இல்லை. இரண்டுக்கும் பொருந்தாமல் நின்றது மாதப்பன் ஒருவன்தான். காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ அவன் செத்துத் தொலைத்தால் எல்லாம் வீண். அப்படிச் செத்தவனுக்கு எங்கள் பக்கம் கல் நடமாட்டார்கள்.

தை மாசம் எருது விடும் விழா. நீங்களும் பந்தோபஸ்துக்கு ஆள் அனுப்பியிருந்தீர்கள். எத்தனை பம்பை, எத்தனை சீழ்க்கை. சூளகிரிப் பக்கத்து எருது எல்லாம் வந்திருந்தது. கல்லாவியிலிருந்துகூட ஒரு கருப்பு எருதை நடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். மாதப்பன் தன் எருதின் கொம்பில் வீரப் பதக்கத்தைக் கட்டி ஓடவிட்டான். இரண்டு வருஷம் எழுதி வாங்கிய பதக்கம். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். அவன் என்னைப் பார்த்து, "பாத்தியா மாப்ள, ஒரு வேலைக்கு ஆச்சி" என்று கத்தினான்.

என் மகள் சம்பங்கி என் தோளில் இருந்தாள். ஆறு வயசு. ஊதலை ஊதிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். கருப்பு எருதை அவிழ்க்கும்போது அவளைக் கீழே இறக்கினேன். மாதப்பன் எதிர் வரிசையில் நின்றான். தாய்மாமன். அவன் மடியில் வளர்ந்த பிள்ளை. ஆற்றில் முன்பின் தெரியாத மூன்று பேரைச் சுமந்தவன் இவளுக்கு என்ன செய்வான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரார் பிள்ளையை நான் தொடவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். என் பிள்ளையின் முதுகில்தான் கை வைத்தேன். மெதுவாகத்தான் தள்ளினேன். எருது அவளைத் தொடாது என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. நிறைய இல்லை. போதுமான அளவு.

அவன் பறந்து வந்தான், ஐயா. நாற்பதை நெருங்குகிறவன் அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததில்லை. பிள்ளையை வயிற்றுக்குள் சுருட்டிக்கொண்டு விழுந்தான். கொம்பு அவன் தொடையில் ஏறியது. எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது. மதுரைவீரன் சொன்னதெல்லாம் உண்மை என்று கண்ணால் பார்த்தேன்.

ஆனால் எருது வேலையைப் பாதியில் விட்டுவிட்டது. கங்கப்பனின் வண்டியில் வைக்கோல் பரப்பிக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கங்கப்பன் முன்னால் மாட்டை அதட்டி ஓட்டினான். மாமனை விட மாட்டேன் என்று அழுத சம்பங்கியையும் ஏற்றிக்கொண்டோம். முண்டாசுத் துணியால் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தேன். ரத்தம் நின்றுவிட்டது. குருபரப்பள்ளி வருவதற்குள் அவனுக்கு முகம் தெளிந்து பேச்சும் வந்துவிட்டது.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல மச்சான்."

"அப்போ சரி. மாப்ள, அந்தக் கல்ல ஓடையிலயே போட்டுடு. ஊட்ல துணி தொவைக்கக் கல்லு இல்லன்னு உசுர வாங்கறா." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

இன்னொரு தடவை இப்படி அமையாது. தோள்துண்டை நாலாக மடித்து அவன் மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்தினேன். எண்ணெய் ஆலையில் மூட்டை தூக்குகிற கை இது. அவனோ ரத்தம் இழந்தவன். அதிகம் திமிறவில்லை.

உங்களிடம் சம்பங்கி சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, "அப்பா மாமா மூஞ்சியத் தொடச்சாரு, ரொம்ப நேரம் தொடச்சாரு" என்று. அவள் சொன்னது சரி. பொய் சொல்லப் பழக்கப்படுத்தாமல் வளர்த்திருக்கிறேன். தள்ளியதையும் சொல்லிவிட்டாளாம். அதுவும் சரி.

பதினாறாம் நாள் கல் நட்டோம். என்ன கூட்டம். பம்பைக்காரன் விடாமல் அடித்தான். நானே நடுவில் இறங்கி ஆடினேன். முனிலட்சுமிகூட என் காலில் விழுந்து, "என் புருஷனை சாமியாக்கிட்டீங்கோ அண்ணா" என்று அழுதாள். அப்போது எனக்கு வந்த சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். அதே துண்டுதான். எல்லாரும் நான் அழுவதாக நினைத்தார்கள்.

மாதப்பனைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பதிவில் கொலை என்று ஏறினால் கல்லை மறுபடியும் பிடுங்கி ஓடையில் போட்டுவிடுவார்கள். எருதை மறித்துப் பிள்ளையைக் காத்து இறந்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பதிவைத் திருத்தலாம், ஐயா. விடாமல் எழுதினால் திருத்துகிறார்கள்.

இன்னொன்று. கல் நட்டவன் பெயரைக் கல்லிலேயே பொறிப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். அடியில் வெட்டினால் மண்ணுக்குள் போய்விடும் என்று திம்மப்பன் சொன்னான். அதனால் மேலே, பதக்கங்களுக்குப் பக்கத்தில் வெட்டச் சொன்னேன். மாரிசாமி என்ற என் பெயர் மாதப்பன் என்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்திருக்கிறது. அது திம்மப்பனின் கைத்தவறு. எனக்கென்று நான் எதுவும் கேட்டதில்லை.