நின்ற கப்பல்கள்

ஃபெரிப் படகில் எனக்கு எதிரே மூன்று பேர். தொழிற்சாலைச் சட்டை போட்ட பெண். மடியில் ஹெல்மெட் வைத்திருந்த இளைஞன். தூங்கிக்கொண்டிருந்த சீனப் பெரியவர்.

"சும்மா நின்ன கப்பலயெல்லாம் சுட்டுட்டாங்கக்கா," என்றான் இளைஞன்.

இணைய விளையாட்டு. விண்வெளியில் இரண்டு கூட்டங்களுக்கு இடையே சண்டை. தீர்ப்புச் சொல்வது அந்தப் பெண் என்று பேச்சில் தெரிந்தது.

"மழையில எங்களுக்கு நெட் லைன் போச்சு, கப்பலெல்லாம் அப்படியே நின்னுருச்சு. சண்டை செல்லாதுன்னு சொல்லுங்கக்கா. இல்லாட்டி ரெண்டு வருசமா வச்சிருந்த கிரகம் போயிரும்லா."

"போன மாசம் அவங்களுக்கு லைன் போச்சு. அது அவங்க தலையெழுத்துன்னு சொன்னது யாரு தம்பி?"

அவன் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தான்.

"அன்னிக்கு நாங்க கொஞ்சம்தானே சுட்டோம்."

"அதுவும் நின்ன கப்பல்தானே. எத்தன?"

ஃபெரி கரையில் முட்டியது. அவள் எழுந்த பிறகும் பதிலுக்காக அவனையே பார்த்தாள்.

"பதினேழு," என்றான்.