புளியில் ஊறிய முத்துமாலை

தடுமாறும் பேச்சாளனையும் தட்டிக்கொடுத்துத் தாங்கிப் பிடிக்கும் தகைசால் தலைவர் நடராஜா ஐயா அவர்களே, சுங்கை பெசார் நெல்வயல் காற்றோடு சொந்தத்தையும் சுமந்து வந்திருக்கும் சம்பந்தி வீட்டுச் சான்றோர்களே, மணமகனைப் பெற்ற மாண்புமிகு இராஜம்மா அம்மையார் அவர்களே, தோட்டத்து லயத்து வீட்டில் எங்களை ஆளாக்கிய பெரியோர்களே, முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, பின்வரிசையில் பிரியாணி வாசத்தைப் பிடித்துக்கொண்ட இளைஞர்களே, மணமகன் பாலனே, என் மடியில் வளர்ந்த மணமகள் சந்திரிகாவே, உங்கள் அனைவருக்கும் பெண்ணின் தாய்மாமன் ஐயாவுவின் அன்பு கனிந்த வணக்கம்.

தலைவர் ஐயா என் காதோரம் சொன்னார்: "சுருக்கமாப் பேசு லா, சோறு ஆறிடும்." ஐயா, சோறு ஆறினால் சூடுபண்ணிக் கொள்ளலாம். என் மனசு ஆற வேண்டும். அதற்குத்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த வேலை வாழ்த்துரை. வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் இன்று காலை கோயிலில் ஒரு காட்சியைக் கண்டேன். பெண்ணைப் பெற்றவள், என் அக்கா நவமணி, தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் நின்றாள். கணவனை இழந்தவள் முன்னால் வரக் கூடாதாம். சம்பந்தி வீட்டார் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று யாரோ காதைக் கடித்தார்களாம். இப்போது நான் பேசி முடித்ததும் மணமகளுக்குத் தாய்வீட்டு முத்துமாலை அணிவிக்கும் நிகழ்ச்சி. அணிவிக்கப் போவது யார்? ஆசை ஆசையாய்த் தேடி வாங்கிய அக்கா அல்ல. என் மனைவி அன்னம்மா. மாலைப்பெட்டி அவள் மடியில் இருக்கிறது. வாங்கியவளோ கடைசி வரிசை ஓரத்தில், இந்தப் புழுக்கத்திலும் முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகவே, அன்பர்களே, நான் இன்று முத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

கொற்கைத் துறையில் குளித்தெடுத்த குளிர்முத்தைப் பற்றிப் பேசினால் நீங்கள் கைதட்டுவீர்கள். நான் பேசப் போவது பத்தாங் பெர்ஜுந்தாய் சம்பள நாள் சந்தையில் பாய் விரித்து விற்ற பிளாஸ்டிக் முத்தைப் பற்றி. அக்காவுக்கு அப்போது பாவாடை கட்டும் வயது. முத்து என்றால் நெல்லிக்காய் பருமன் இருக்க வேண்டும், சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்க வேண்டும், தோட்டத்தின் அந்தக் கோடியில் நிற்பவனுக்கும் தெரிய வேண்டும். அதைப் போட்டுக்கொண்டே ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போவாள். வியர்வையில் சாயம் உரிந்து கழுத்தெல்லாம் வெள்ளை. "என்னா புள்ள, கழுத்துக்கு மட்டும் பவுடர் போட்டுட்டு வந்திருக்க?" என்று வேலை வாங்கும் மண்டோர் கேட்டார். நீங்கள் சிரிக்கிறீர்கள். அக்காவும் முந்தானைக்குள் சிரிக்கிறாள், நான் பார்த்துவிட்டேன்.

முழுக்கூலி கையில் வந்தது, ரசனை மாறியது. பெருசு போனது, உருண்டை வந்தது. ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருக்க வேண்டும். அதோடு அசலாகவும் இருக்க வேண்டும். அசல் முத்து பல்லில் உரசினால் நறநறக்கும், போலி வழுக்கும் என்று எந்த நகைக்கடைக்காரரோ சொல்லிக்கொடுத்துவிட்டார். அன்று பிடித்தது சனி. புக்கிட் ரோத்தானில் ஒரு நிச்சயதார்த்தம். பெண்ணைக் கட்டிப்பிடித்து வாழ்த்தப் போன அக்கா, அந்தப் பெண் கழுத்து மாலையையே பல்லில் வைத்து உரசிவிட்டாள். உரசியதும் இல்லாமல், நல்ல முத்துதான் என்று சபையில் சொல்லியும் விட்டாள். இராஜம்மா அம்மா, நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். என் அக்கா உங்கள் காது முத்துத் தோட்டைப் பார்த்தாள். அன்று உங்கள் காது தப்பித்தது பெரிய காரியம்.

அப்படித் தேடி அலைந்து, தன் கூலியில் தானே வாங்கினாள் ஓர் அசல் முத்துமாலை. கல்யாணத்துக்கு முன்பே வாங்கினாள். இதை மனத்தில் வையுங்கள், பிறகு கேட்பேன். வாங்கினாளே தவிர, போட முடிந்ததா? தோட்டத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் இரவல். மாலை மணவறையில் இருக்கும், அக்கா வெறுங்கழுத்தோடு பந்தியில் இருப்பாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு வராது. அந்த மாலையைப் போட்டு மணவறையில் அமர்ந்தவர்கள் இந்த முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். தலை குனிய வேண்டாம் தாய்மார்களே, அழகாகத்தான் இருந்தீர்கள்.

பிறகு வந்தார் அக்காவைக் கட்டிய சன்னாசி மாமா. பெயர் சன்னாசி, வாய்த்தது நகைப் பைத்தியம். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய மனிதர், பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தார். ஒரு தீபாவளிக்கு முதல் நாள், அக்கா கடைக்குப் போன நேரத்தில், குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். விளக்கு தங்கமாய் மின்னியது. மனிதருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. இந்தப் புளிக்குப் பித்தளையே இப்படி மின்னினால் முத்து எப்படி மின்னும்? மாலையை எடுத்துப் புளித்தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டார்.

ஐயோ என்கிறீர்களே அம்மா, உங்களுக்குத் தெரிந்தது என் மாமாவுக்குத் தெரியவில்லையே.

அக்கா வந்து பார்த்தபோது முத்தின் மினுமினுப்பு முழுக்கப் போய்விட்டது. ஆறிப்போன பழைய சோற்றுப் பருக்கைபோல் இருந்தது. மாமா வாசலில் உட்கார்ந்தவர் எழவில்லை, சாப்பிடவில்லை. தோட்டமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது, நவமணி போடப் போகும் சத்தத்துக்கு. அவள் என்ன செய்தாள்? மாலையை எடுத்தாள், துடைத்தாள், பல்லில் உரசிப் பார்த்தாள், கழுத்தில் போட்டுக்கொண்டாள். "நல்லதாப் போச்சு. இனிமே இத எவளும் இரவல் கேக்க மாட்டா. எந்திரிச்சு சாப்பிட வாங்க" என்றாள்.

கேட்டீர்களா? இதைவிடப் பெரிய வாழ்த்துரையை மணமக்களுக்கு நான் எங்கே போய்த் தேடுவேன்?

அன்றிலிருந்து அந்த மாலை அவள் கழுத்தை விட்டு இறங்கவில்லை. மங்கிய முத்தில் நாளாக நாளாக மெல்லிய மெருகு ஒன்று ஏறியது. அவளுடைய உடம்புச் சூட்டில் வந்த மெருகு. அவள் ரசனையும் அதன் பின்னாலேயே போயிற்று. கடைக் கண்ணாடிக்குள் பளபளக்கும் முத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவ்வளவு பளபளப்பு எதற்கு, முகம் பார்த்துத் தலை சீவவா என்று கேட்பாள்.

மாமா மாரடைப்பில் போனார். தாலியை எடுத்தோம், வளையலை எடுத்தோம், எடுத்த கையோடு முத்தையும் எடுத்தோம். அது பால்மாவு டின்னுக்குள் போயிற்று. பல வருஷம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. பின்பக்கமாய்ப் போய் எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் தனியாக நின்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள், கழுத்தில் அந்த முத்துமாலை. என்னைக் கண்டதும் துண்டை எடுத்துக் கழுத்தை மூடினாள். தன் கூலியில் தான் வாங்கிய மாலையைத் திருட்டு நகைபோல் மறைத்தாள் என் அக்கா. அன்று எனக்கு அழுகை வந்தது. இன்று கோபம் வருகிறது.

அக்கா கையைக் காட்டுகிறாள், போதும் நிறுத்து என்று. உன் பேச்சை இத்தனை நாள் கேட்டேன் அக்கா. இன்று நிறுத்த மாட்டேன்.

சபையோரே, கேட்கிறேன். தாலி மாமா கட்டியது, மாமாவோடு போயிற்று. அதில் நான் வழக்காட வரவில்லை. முத்து யார் கட்டியது? மாமா வருவதற்கு முன்பே அவள் கழுத்தில் இருந்தது முத்து. மண்டோர் கேலி செய்தபோது இருந்தது முத்து. உங்கள் பெண்களுக்கெல்லாம் இரவல் கொடுத்தபோது, அது மங்கலமாக இருந்தது, மணவறைக்கு அழகாக இருந்தது, ராசியான மாலை என்று கேட்டுக் கேட்டு வாங்கிப் போனீர்கள். அவள் கழுத்தில் மட்டும் அது ஆகாததாக எப்போது ஆனது? யார் ஆக்கியது?

வெள்ளை முத்துதானே, பரவாயில்லை, போட்டுக்கொள்ளட்டும் என்று இரக்கப்பட்டார் ஒரு பெரியவர். ஐயா, அவள் அதைப் போடுவது வெள்ளை என்பதற்காக அல்ல. பிடித்திருப்பதால் போடுகிறாள்.

போன வாரம் சந்திரிகா தாயிடம் ஒன்று கேட்டாள். புது மாலை வேண்டாம், அந்தப் பழைய மாலையைக் கொடு என்றாள். அக்கா மறுத்துவிட்டாள். "பளபளன்னு போடுற வயசுல பளபளன்னு போடு. இதுக்கு நீ மெதுவா வருவ. அதோட, இத நான் இன்னும் போட்டு முடிக்கல" என்றாள்.

இன்னும் போட்டு முடிக்கவில்லையாம். அந்த முந்தானைக்குள் இப்போதும் அந்த மாலைதான் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

இராஜம்மா அம்மா, காலையிலிருந்து எல்லாரும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் என் அக்காவைத் தள்ளி நிறுத்துகிறார்கள். உங்களை ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். உங்கள் மருமகளுக்கு அவளைப் பெற்றவள் மாலை போட்டால் உங்களுக்குச் சம்மதமா?

அம்மா எழுந்திருக்கிறார்கள். கொஞ்சம் அமைதி. பின்னால் கேட்கவில்லையாம், நான் அப்படியே சொல்கிறேன். "காலையிலேருந்து சம்பந்தியம்மாவத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். தாலி கட்டுறப்ப பக்கத்துல ஆள் இல்லாம நான் மட்டும் தனியா நின்னேன். எங்கதான் போனாங்கன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க" என்கிறார்கள்.

இப்போது தட்டுங்கள் கையை.

அன்னம்மா, பெட்டியை அக்காவிடம் கொடு. வழி விடுங்கள் தாய்மார்களே, நாற்காலியை நகர்த்துங்கள். இராஜம்மா அம்மாவே போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா எழுந்துவிட்டாள். முந்தானை தோளுக்கு இறங்கிவிட்டது. தெரிகிறதா, அந்த மங்கிய முத்து? முன்வரிசைத் தாய்மார்களே, அடையாளம் தெரிகிறதா?

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பசியோடு கேட்ட இளைஞர்களுக்கும், மனம் திறந்த சம்பந்தியம்மாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மணமக்கள் மனமொத்து நீடு வாழ்க. இன்னும் பேசத்தான் ஆசை. ஆனால் மேடை சிறியது, என் அக்கா படியேறி வருகிறாள், அவளுக்கு நடுவில் நிற்க இடம் வேண்டும். நான் இறங்கிக்கொள்கிறேன். வணக்கம்.