செம்பு என்று காட்டிய திரை

சண்டை ஓய்ந்து சனம் ஊர் திரும்பிய மாதங்களில், நானாட்டான் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“இடம்பெயரேக்க என்ர தையல் மிசினை வளவுக்க கிடங்கு வெட்டித் தாட்டு வைக்கச் சொல்லி மனுசனை விட்டனான். இப்ப கண்ணிவெடி தேடுற கருவியோட வந்த தம்பியிட்ட அந்த இடத்தைக் காட்டினன்.”

“கிடந்ததோ?”

“கருவியின்ர திரையைப் பாத்திட்டு, ‘அக்கா, இரும்பெண்டா இலக்கம் கீழ நிக்கும். இது மேல நிக்குது, செம்பு’ எண்டான்.”

“தையல் மிசினில ஏது செம்பு?”

“நானும் அதைத்தான் கேட்டன். உடன மனுசன், ‘அது வெடிதான், கிண்டாதேங்கோ’ எண்டார். தம்பி எங்களைத் தூர நிக்கச் சொல்லிப்போட்டு, மெல்ல மெல்லக் கிண்டி எடுத்தான். கசிப்புச் சாராயம் வடிக்கிற குழாய். கலியாணத்துக்கு முதலே விட்டிட்டன் எண்டு மாதாவில சத்தியம் பண்ணின மனுசன்.”

மற்றவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப தையல் மிசின்?”

“வீட்டுக்கயே விட்டிட்டாராம். வந்து பாத்தா கூரையுமில்லை, மிசினுமில்லை.”

“ஏனாம் விட்டவர்?”

“பின்னால இருக்கிறார், கேளுங்கோ.”

அதுவரை யன்னலுக்கு வெளியே பார்த்தபடி என் பக்கத்தில் இருந்தவர் முன்னால் குனிந்தார்.

“அது சரியான பாரம், தங்கச்சி.”