துளசிக்கு ஊதா விளக்கா, வெள்ளை விளக்கா

ஸ்ரீரங்கம் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் நின்றுவிட்டது. என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் வீட்டுக்குள் விளக்கு வைத்துச் செடி வளர்க்கும் சின்னக் கூடாரம் ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கூடாரத்துக்குள்ள லைட் எரிஞ்சா பகல்தானே? ஆபீஸ்லேர்ந்து வந்து திருத்துழாய் பறிக்கலாமோல்லியோ?” என்றாள் அவள்.

துளசியைச் சொல்கிறாள். அஸ்தமனத்துக்குப் பிறகு அதைப் பறிக்க மாட்டார்கள்.

“பெருமாளுக்கே டிமிக்கியா? காலம்பறவே பறிச்சு வை,” என்று சிரித்தார் அவர். “வெயில் வராத ஃப்ளாட்ல ரெண்டு செடி போயாச்சு. இதையாவது காப்பாத்தணும். இந்த ஊதா எல்இடி வாங்கிடலாமா? சீக்கிரம் வளருமாம்.”

“ஊதாவா? எதிர்த்தாத்து மாமி நம்மாத்துல என்ன கூத்துன்னு கேப்பா.”

“மாமிக்காகவா செடி வளர்க்கறோம்?”

“அந்த வெளிச்சத்துல இலையெல்லாம் கருப்பாத் தெரியும்னு போட்டிருக்கே, படிச்சேளா? போன செடியில இலை பழுத்ததையே நான் லேட்டாத்தான் பார்த்தேன். வெள்ளையே வாங்குங்கோ.”

“வெள்ளைன்னா கொஞ்சம் மெதுவாத்தான் வளருமாம்.”

நான் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சூடில்லை.

“மெதுவாவே வளரட்டும்,” என்றாள் அவள். “உடம்புக்கு என்னன்னு மூஞ்சியப் பார்த்தாத் தெரியணும்.”