அம்மன் தேருக்கு அரணாக நின்றவர்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். நான் அதிகம் படிக்காதவன். சாமி காரியத்தில் ஒரு சொல் பிசகினாலும் பாவம் என்ற பயம்.

அறுபதுகளில் ஓர் ஆனி மாதம், சிதம்பரம் தேர் முடிந்த மறுநாள். கடலூர் முதுநகர் போகும் பாசஞ்சர் ரயிலில் என் எதிரே போலீஸ் ஏட்டு ஒருவரும் அவருடைய மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நேத்து பந்தோபஸ்து பாத்தது போலீஸ் இல்ல மச்சான், தேவனாம்பட்டினத்து வலைக்காரங்க,” என்றார் ஏட்டு.

“என்னா மாமா, லத்தியை அவுங்ககிட்ட குடுத்துட்டு சுண்டல் வாங்கப் போயிட்டீங்களா?”

“சிரிக்காத. மந்திரி மீட்டிங்குன்னு பாதி ஆளை கடலூருக்கு இழுத்துட்டாங்க. அம்மன் தேருக்கு நாங்க ஆறே பேரு. ஒரு பொம்பள கைக்குழந்தையோட சக்கரத்துக்கு முன்னால விழுந்துட்டா. சக்கரத்துக்கு அடியில கட்டை போட்டு தேரை நிறுத்துற ஆளு உள்ள நுழைய முடியல, அவ்வளவு ஜனம். விசில் ஊதறேன், எனக்கே கேக்கல.”

“அய்யய்யோ!”

“சாமி பாக்க வந்த வலைக்காரங்க இருவது பேரு ஜனத்துக்கு முதுகைக் காட்டி கையக் கோத்துக்கிட்டு, வலை இழுக்குறாப்புல ஒரே மூச்சா பின்னால சாஞ்சாங்க. ஜனம் ஒதுங்குச்சு, கட்டை விழுந்துச்சு, தேரு அவளைத் தொடாம நின்னுடுச்சு. யாரு சொல்லி செஞ்சீங்கன்னு கேட்டேன். ‘பார்வதி ஒரு பிறவியில மீனவர் வீட்டுல பொறந்தவ, எங்க குலத்துப் பொண்ணுங்க ஐயா. அவ தேரு ஒரு உசுரை எடுத்துச்சுன்னு பேரு வர விடுவமா?’ன்னாங்க.”

மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “குழந்தை?”

“தூங்கிட்டிருந்துச்சு மச்சான். முழிக்கவே இல்ல.”

அம்மன் அறிய, கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை. நீங்களும் கூட்டாமல் குறைக்காமல் இன்னொருவருக்குச் சொல்லுங்கள்.